‘அவுங்க’ விழுந்துட்டாங்க

மரியாதை என்கிற சரக்கை இவ்வளவு தாறுமாறாக விநியோகித்த மனிதரை நான் பார்த்ததில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எல்லா ஊரையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவர் தேறமாட்டார். மாட்டைப் பார்த்தால் “வாங்க” என்பார். ஆட்டைப் பார்த்தால் “உக்காருங்க” என்பார். பலா மரத்தைப் பார்த்து “ராத்திரி காத்துல தூங்குனீங்களா?” என்று விசாரிப்பார். மனிதனைப் பார்த்தால் மட்டும், வந்தவன் எவனாக இருந்தாலும், “என்னாடா?” என்பதுதான்.

ஊரில் அவருக்கு மருவாதி மாமா என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டி போகிற வழியில் உள்ளே தள்ளி, செம்மண்ணில் அவருடைய தோட்டம். பலா மரங்கள், நடுநடுவே கொய்யா, ஓரத்தில் கொட்டகை, இரண்டு பசு, ஏழெட்டு ஆடு. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். ஒரு பழைய காக்கி பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு அலைவார்.

நான் அங்கே போன கதையைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் வேளாண்மை படித்து முடித்து, எந்த வேலையிலும் மூன்று மாதம் தொடர்ந்து உட்கார முடியாமல் திரிந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு சின்ன கம்பெனி ஆப் ஒன்று செய்திருந்தது. தோட்டமும் மாடும் வைத்திருப்பவர்கள் விவரத்தைப் பதிந்துவிட்டால், தடுப்பூசி எப்போது, சினை எத்தனை மாதம், எந்த மரம் எப்போது காய்க்கும் என்று போனே ஞாபகப்படுத்தும். ஆட்களைச் சேர்ப்பது என் வேலை. உலகத்தையே மாற்றப் போகிறோம் என்கிற வேகத்தில் ஸ்கூட்டரை எடுத்தேன். மாமாவின் கேட்டைத் தட்டினேன்.

“யார்ரா நீ?”

“சார், நான் ஒரு ஆப்...”

“உள்ள வாங்க, உள்ள வாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீங்க?”

அடடா, என்ன பண்பு என்று காலை எடுத்து உள்ளே வைத்தேன். என் தொடையை இடித்துக்கொண்டு ஒரு வெள்ளாடு எனக்கு முன்னால் உள்ளே போனது.

“ஒன்ன யார்ரா வரச் சொன்னா?” என்றார் மாமா.

விவரம் பதிவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. ஆப்பில் முதல் கேள்வியே ‘மாடுகளின் எண்ணிக்கை.’

“எண்ணிக்கையா? உங்க வூட்டுல எத்தினி உருப்படிடா?”

“நாலு பேரு மாமா.”

“ஒனக்கு மட்டும் ‘பேரு’. அவுங்களுக்கு எண்ணிக்கை. எழுது. ரெண்டு பேரு. பெரியவுங்க, சின்னவுங்க.”

பெரியவுங்க கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு, வயது ஏழு. சின்னவுங்க இன்னும் கன்று போடாத கிடாரி. ஆட்டுக்கூட்டத்தில் ஒரு கிழ ஆடும் இருந்தது. ‘பயன்பாடு’ என்ற கட்டத்தில் அதற்கு என்ன போடுவது என்று கேட்டேன். “ரிட்டயர்டுன்னு போடு” என்றார். ஆப்பில் அந்த வசதி இல்லை. கம்பெனிக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லும்வரை விடவில்லை. இன்றைக்கும் அந்த ஆப்பில் ‘ஓய்வு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வந்த கதை இதுதான்.

திட்டுவதிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. நாயே, எருமை, கழுதை எதுவும் அவர் வாயில் வராது. “அவுங்கள ஏன்டா இதுல இழுக்குற?” என்பார். அவருடைய அகராதியில் உச்சபட்ச வசை “மனுசப்பயலே!” என்பதுதான். அதை அவர் சொல்லும் அழுத்தத்தில், மனிதனாகப் பிறந்ததற்கு உண்மையிலேயே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஒருமுறை பலாக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். மூத்த மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்த வருசம் காய் சுமார்தான் மாமா” என்றார். மாமா அவர் கையைப் பிடித்து ரோட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார். “எதா இருந்தாலும் இங்க நின்னு சொல்லு. அவுங்க காதுல விழுந்து கோவிச்சிக்கிட்டாங்கன்னா அடுத்த வருசம் நீயாடா காய்ப்ப?”

மீதி பேரமெல்லாம் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, கத்திக் கத்தி நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். மரத்துக்குக் கேட்டிருக்காது. பண்ருட்டிக்குக் கேட்டிருக்கும்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று அவர் வாயாலேயே ஒருநாள் தெரிந்துகொண்டேன். கொய்யா பறித்துக்கொண்டிருந்தோம். அவர் மேலே, நான் கீழே. “புடிடா” என்று பழத்தை என் மண்டைக்குக் குறிவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருசம்டா. கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேட்டுல வாட்ச்மேனு. ஒருநாளைக்கி எத்தினி சார் சொல்லுவேன் தெரியுமா? காருக்கு ஒரு சார், உள்ள இருக்குறவனுக்கு ஒரு சார். நேத்து வேலைக்கிச் சேந்த பொடியன், அவனுக்கும் சார். ஒருத்தன் திரும்பி ‘வாங்க’ன்னு சொன்னதில்ல. ஒருநாளு, நம்மகிட்ட இருக்குற மருவாதி பூரா தீந்துபோயிடும் போல இருக்கேன்னு தோணுச்சி. மிச்சம் இருக்குறதையாவது தகுதியானவுங்களுக்குக் குடுப்போம்னு வந்துட்டேன்.”

“அப்ப மனுசங்க யாருக்குமே கிடையாதா மாமா?”

“இருக்கு. எங்க அண்ணனுக்கு.”

பாகப் பிரிவினையில் பேச்சு முறிந்துபோன அண்ணன். எதிரே வந்தால் மாமா துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “வாங்க சார், நல்லா இருக்கீங்களா சார்?” என்பாராம். அந்த அண்ணன் இப்போது வேறு தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று கேள்வி. அடி கூடத் தாங்கலாம். அந்த ‘சார்’ தாங்க முடியாது.

இனி அத்தை. மாமாவின் மனைவி. மாமாவைக் கட்டிக்கொண்டு இருபது வருடமாக ‘அடியே’க்குத் திரும்பிப் பார்ப்பவர். “நானும் நாலு காலோட பொறந்திருந்தா ‘வாங்க’ன்னு கூப்புட்டிருப்பாங்க தம்பி” என்று சிரிப்பார். அவர் புருஷனை எப்போதும் ‘அவுங்க’ என்றுதான் சொல்வார். நம் ஊர் வழக்கம். சிக்கல் என்னவென்றால், புருஷனோடு பழகிப் பழகிப் பசுவையும் ‘அவுங்க’ என்றே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

“அத்த, மாமா எங்க?”

“அவுங்க அவுங்களக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க.”

படித்தவன் இல்லையா, நான் இதற்கு ஒரு இலக்கண விதி கண்டுபிடித்தேன். அத்தையின் வாக்கியத்தில் முதலில் வரும் ‘அவுங்க’ மாமா, இரண்டாவதாக வருவது மாடு. இந்த விதி பல மாதம் பிசகாமல் வேலை செய்தது. ஒரே ஒருமுறை, “அவுங்க சாப்புடலன்னா அவுங்களும் சாப்புட மாட்டாங்க தம்பி” என்றார். இதில் யார் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எப்படி மாற்றிப் போட்டாலும் உண்மைதான்.

ஆனி மாதக் கடைசி. பலா சீசன் முடிகிற நேரம். பெரியவுங்க ஏழு மாதச் சினை. மாமா வாழ்க்கையில் அதைத் தவிர வேறு செய்தி கிடையாது. காலையில் பால் ஊற்றப் போகிற இடத்தில் ஆரம்பித்து, பார்க்கிறவனிடமெல்லாம், “இந்தவாட்டி பொண்ணுதான்டா, பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு பிரசவமும் காளைக்கன்று. கொட்டகையின் மூன்றாவது இடத்தில் தரையைச் சமன் செய்து, வரப்போகிறவருக்குத் தவிடு தொட்டிகூட வைத்துவிட்டார்.

அந்த நாள் மத்தியானம் நான் நெல்லிக்குப்பத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தையிடமிருந்து போன்.

“தம்பி! அவுங்க விழுந்துட்டாங்க தம்பி! வயிறு ஊதிப்போயிக் கெடக்குறாங்க. மூச்சு வாங்குது. டாக்டரக் கூட்டிக்கிட்டு ஓடியா!”

போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாக்கியத்தில் வந்தது ஒரே ஒரு ‘அவுங்க’. விதிப்படி, முதல் ‘அவுங்க’ மாமா. கையைக்கூடக் கழுவாமல் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். “நாப்பத்தஞ்சு வயசு, ஆண், மூச்சுத் திணறல்.” ஆம்புலன்சுக்கு முன்னால் ஸ்கூட்டரில் வழிகாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன்.

கேட்டைத் திறந்தவர் மாமா. ஆரோக்கியமாக, வியர்வையில் குளித்து, இரண்டு காலில்.

“ஏன்டா இவ்ளோ நேரம்?” என்றவர், பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சரோடு ஒரு செவிலியர் பெண் குதித்து ஓடிவந்தார்.

“பேஷண்ட் எங்க?”

“உள்ள படுத்திருக்காங்க. சீக்கிரம் வா.”

“வயசு?”

“ஏழு.”

“ஏழா? கொழந்தையா? போன்ல நாப்பத்தஞ்சுன்னு சொன்னாங்களே!”

“கொழந்த இல்லம்மா, ரெண்டு பெத்தவுங்க. இப்ப ஏழு மாசம்.”

அந்தப் பெண் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இருந்தாலும் கடமை தவறவில்லை.

“என்ன சாப்பிட்டாங்க?”

“பலாப்பழம்.”

“எத்தன சுளை?”

“ரெண்டு பழம். தோலோட.”

அதற்குள் கொட்டகை வந்துவிட்டது. பெரியவுங்க படுத்துக் கிடந்தார்கள். (எனக்கும் அப்படியே வருகிறது, மன்னியுங்கள்.) இடது பக்க வயிறு பீப்பாய் மாதிரி ஏறியிருந்தது. வாயோரம் நுரை. வியாபாரி கழித்துப் போட்ட கனிந்து வெடித்த பழங்கள் கொட்டகைக்குப் பின்னால் குவியலாகக் கிடந்திருக்கின்றன. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தின்றிருக்கிறது. கயிறு எப்படி அவிழ்ந்தது? மாமா எந்த மாட்டுக்கும் இறுக்கி முடிச்சு போடமாட்டார். “கட்டி வெக்கிறது ஒரு மருவாதியா? சும்மா பேருக்குச் சுத்தியிருக்கணும்” என்பார்.

ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு செவிலியர் நின்றார். நான் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வேறொரு ஊரில் ஒரு பிரசவத்தில் இருந்தார். அரை மணி நேரமாவது ஆகும் என்றார். அரை மணி நேரம். அத்தை போன் செய்தவுடனேயே நான் இவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற உயிரோடு சேர்த்து இரண்டு உயிர். என் இலக்கண விதி.

நல்லவேளை, ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவர் திட்டக்குடிப் பக்கத்துக்காரர். எட்டிப் பார்த்தவுடன் சட்டைக் கையை மடித்தார்.

“எங்க வூட்டுல நாலு மாடு கெடக்கு. படுக்க உடாதீங்க, மூச்சு அடைச்சிரும். எழுப்பி முன்னங்கால மேட்டுல நிறுத்துங்க. வாயில குறுக்கால ஒரு குச்சி கட்டுங்க. நல்லெண்ண இருக்கா? கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கணும்.”

அத்தை எண்ணெய் எடுக்க ஓடினார். மாமா மாட்டின் முகத்தருகே மண்டி போட்டார்.

“எழுந்திரிங்கம்மா. கொஞ்சூண்டு எழுந்திரிங்க. ஒங்களுக்காகத்தான் சொல்றேன்...”

பெரியவுங்க அசையவில்லை. கண் மேலே செருகியது.

“என்னாய்யா கெஞ்சிக்கிட்டு இருக்க?” டிரைவர் கத்தினார். “அதட்டுய்யா! போயிரும்!”

“ஒரு தடவ எழுந்திரிங்க தாயி... நின்னா போதுங்க...”

“அதட்டுய்யா!”

மாமா எழுந்து நின்றார். அவர் தொண்டையிலிருந்து அந்தத் தோட்டம் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

“எழுந்திரிடீ!”

ஆடுகள் மேய்வதை நிறுத்தின. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். பெரியவுங்க தலையைத் தூக்கி, ‘யாரைச் சொல்கிறாய்?’ என்பதுபோல் மாமாவை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பின்னங்காலை ஊன்றி, நாங்கள் ஐந்து பேரும் முட்டுக்கொடுக்க, தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றது.

டாக்டர் வரும்வரை தேய்த்தோம், எண்ணெய் புகட்டினோம், பிடித்துக்கொண்டு நின்றோம். டாக்டர் வந்து தடித்த ஊசி ஒன்றை இடது விலாவில் இறக்கினார். சைக்கிள் டியூபின் வால்வைப் பிடுங்கிவிட்ட மாதிரி காற்று சீறிக்கொண்டு வந்தது. தோட்டம் முழுக்கப் பலாப்பழ வாசனை.

“பழம் நல்ல பழந்தான்” என்றார் டிரைவர்.

சிரித்தது அவர் மட்டுந்தான். ஆம்புலன்ஸ் அடுத்த அழைப்புக்குக் கிளம்பிப் போனது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “தாய்க்கு ஒண்ணும் இல்ல. உள்ள இருக்குறதப் பத்தி நான் இப்ப எதுவும் சொல்ல முடியாது. மொதல்லயே போன் பண்ணியிருந்தீங்கன்னா இந்த அளவுக்குப் போயிருக்காது.”

மாமா பெரியவுங்க நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “தெரியாம வாயில வந்துருச்சிங்க. மனசுல வச்சிக்காதீங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தம்பி மேல தப்பு இல்லீங்க” என்றார் அத்தை. “நான்தான் போன்ல யாருன்னு தெளிவா சொல்லல.”

“நீ சும்மா இருடி.”

அத்தை முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவரை மன்னித்தாயிற்று. மாமா என் பக்கம் திரும்பினார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க போயிட்டு வாங்க சார்.”

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகிறதா இல்லையா என்றுகூட எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று முறை போனேன். மூன்று முறையும் நாற்காலி போட்டார்! அந்த வீட்டில் நாற்காலி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. துண்டால் துடைத்து, “உக்காருங்க சார்” என்றார். கொய்யாப் பழத்தைக் கழுவி, நறுக்கி, தட்டில் வைத்து நீட்டினார். என் மண்டை ஏங்கியது.

இரண்டாவது முறை ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். மூத்த பலா மரத்தடிக்குப் போய், இலைகளுக்கே கேட்கிறமாதிரி, “இந்த மரம் ரொம்ப சுமார்தான் மாமா” என்றேன். ஒரு ‘மனுசப்பயலே’வாவது தேறும் என்று நம்பிக்கை. மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, “அப்பிடிங்களா சார்” என்றார்.

அன்றைக்கு வழியனுப்ப வந்த அத்தை, கேட்டருகே நின்றுகொண்டு சொன்னார்: “இருவது வருசமா என்னை ‘டி’ன்னு கூப்புடுறாங்க தம்பி. சில நாளு மனசு கஷ்டப்படும். அன்னிக்கி அந்த வாயில்லா ஜீவனப் பாத்து அந்த ‘டி’யச் சொன்னாங்க பாரு, அப்பதான் அது என்னா வார்த்தைன்னு எனக்கே புரிஞ்சிது.”

மூன்றாவது முறை போனபோது கொட்டகையைக் கவனித்தேன். மூன்றாவது இடத்திலிருந்த தவிடு தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். கயிறுகளில் முடிச்சு விழுந்திருந்தது. இறுக்கமான, உண்மையான முடிச்சு. அவர் கோபம் என்மேல் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால் என் பாரம் ஒன்றும் குறையவில்லை.

வேலை என்னைச் சிதம்பரத்துக்கு மாற்றியது. ஆப் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. நானே பதிந்த விவரம், என் போனுக்கே வரும். ‘பெரியவுங்க: சினை எட்டாம் மாதம்.’ ‘பெரியவுங்க: ஒன்பதாம் மாதம், தயாராக இருங்கள்.’ ஒவ்வொரு முறையும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று எந்த ஆப்புக்கும் தெரியாது. போன் செய்து கேட்க எனக்கும் வாய் வரவில்லை. எடுத்தவுடன் “சொல்லுங்க சார்” என்று வந்தால்?

புரட்டாசி பிறந்த வாரத்தில் எங்களுக்கு ஒரு பெரிய கூட்டம். கம்பெனி ஆட்கள், விருந்தாளிகள், ஏசி ஹால். ஆப்பைப் பற்றி நான்தான் பேச வேண்டும். என் போனை ஹாலின் ஸ்பீக்கரோடு இணைத்து வீடியோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் அழைப்பு வந்தது. பதற்றத்தில் கட் செய்வதற்குப் பதில் எடுத்துவிட்டேன்.

நான்கு மூலை ஸ்பீக்கரிலும் இடி விழுந்தது.

“டேய் மனுசப்பயலே! எங்கடா செத்துப்போன? அவுங்க பெத்துட்டாங்கடா! பொண்ணுடா! ரெண்டு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. இங்க வந்து பொறந்தவுங்க பேர ஒன் போன்ல ஏத்துவியா, இல்ல அங்கயே ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பியாடா?”

முன்வரிசையில் இருந்த எங்கள் மேனேஜர் முகம் சிவந்து எழுந்தார்.

“யாருங்க அது? கொஞ்சங்கூட மரியாதை இல்லாம?”

எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப்போயிருந்தது. ஹெல்மெட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

“எங்க மாமா சார்” என்றேன்.